ஆயுத பூசைக்கு வெளுத்த பாறை

படம் முதலில் வந்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவில். சரஸ்வதி பூசையன்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் நான் இட்லி தின்றுகொண்டிருந்தேன். என் மனைவி கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "அண்ணன் ஆலையில பூசைக்கு எல்லாம் தயாராயிருச்சு போல. பாருங்க" என்றாள்.

படத்தில் அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கரை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் என்னுடைய கடல் தொட்டி. அதன் கண்ணாடியில் மூன்று சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். அதுவரை பரவாயில்லை. செய்தித்தாளில் படங்களுக்குக் குறிப்பு எழுதிப் பிழைத்தவன் நான். படத்தில் நிற்கிற ஆளை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. விரலால் பெரிதாக்கினேன். தொட்டிக்குள் இருந்த பாறைகள் வெள்ளையாக இருந்தன. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் வெள்ளை.

"கழுவிட்டான்" என்றேன்.

அவளுடைய அண்ணனை நான் அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைத் திருத்தவில்லை. படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "எல்லாத்தையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இட்லியை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

என் தொட்டி ஏன் ராஜபாளையத்தில் மச்சானுடைய ஆலையில் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடல் மீன் வளர்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது மீன் அல்ல, நிற்காத மின்சாரம். தண்ணீர் சில மணி நேரம் ஓடாமல் நின்றாலே உள்ளே மூச்சு முட்டும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடேறினால் பவளங்கள் கரைந்துபோகும். எங்கள் தெருவில் மின்சாரம் தன் விருப்பத்துக்கு வரும், போகும். மச்சானுடையது ஆஸ்பத்திரிப் பஞ்சும் பேண்டேஜ் துணியும் செய்யும் ஆலை. ஜெனரேட்டர் உண்டு. அவருடைய அறையில் ஏசி ராத்திரியும் ஓடும். "இங்கன கொண்டாந்து வச்சிருங்க மாப்ள. எனக்கும் பாக்க ஒண்ணு ஆச்சு" என்று அவராகத்தான் சொன்னார். நன்றியோடு வைத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பராமரித்துவிட்டு வருவேன். சில மாதங்களில் அவர் வியாபாரிகளிடம் "நம்ம தொட்டி" என்று சொல்லத் தொடங்கினார். அதில் எனக்கு வருத்தமில்லை. தண்ணீர் ஓடினால் போதும் என்றிருந்தேன்.

தொட்டிக்குப் பின்னால் ஒரு தடுப்பு, அதில் ஒரு மோட்டார். அதுதான் ஃபில்டர் என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். கடல் தொட்டியில் ஃபில்டர் என்பது பாறை. மீன் கழிப்பதும் தின்னாமல் விடுவதும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும். அம்மோனியா மீனின் செவுளை எரிக்கும். பாறையின் துளைகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று, தீங்கு குறைந்த வேறொன்றாக மாற்றிவிடும். அதையும் வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி வெளியேற்ற வேண்டும். மோட்டாரின் வேலை தண்ணீரைப் பாறை வழியாகத் தள்ளுவது மட்டும்தான். பஞ்சாலைக்காரனுக்கு இது புரிவது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆலையில் ஃபில்டர் என்றால் தூசி பிடிக்கும் வலை. அடைத்தால் தட்டு, கழுவு, மறுபடி மாட்டு. அழுக்கான ஃபில்டர் அங்கே குற்றம். இங்கே அந்த அழுக்குத்தான் ஃபில்டர். இதை நான் மச்சானிடம் ஒருமுறை இருமுறை அல்ல, போகும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கடலில் உடைத்தெடுத்த பவளப் பாறையை வாங்குவது சட்டப்படி தப்பு. சட்டம் இல்லாவிட்டாலும் வாங்க மாட்டேன். நான் வைத்தது சுட்ட மண்ணில் செய்த பாறை. வந்தபோது உடைந்த ஓடு மாதிரி வெறுமையாக இருந்தது. அதில் உயிர் பிடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் ஒரு பழுப்புப் படலம். பிறகு பச்சைப் பாசி. அதற்கும் பிறகு, ஊதா நிறத்தில் ஒரு சுண்ணாம்புப் பாசி திட்டுத் திட்டாகப் பற்றியது. ஊதா வந்துவிட்டால் பாறை உயிரோடிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். அன்றைக்கு மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வெத்தலக் கறை மாதிரில்லா இருக்கு" என்றார்.

அந்தப் பாறைகளில்தான் மென்பவளங்களை ஒட்டி வளர்த்தேன். கொச்சியில் தன் தொட்டியிலேயே வளர்த்து வெட்டிக் கொடுக்கும் ஒருவரிடம் வாங்கியவை. காளான் வடிவில் சில, விரல்களைப் போல ஆடும் ஒன்று, சட்டைப் பொத்தான் அளவுப் பூக்கள் கூட்டமாக விரிந்திருக்கும் ஒரு கல். மீன் என்று இரண்டே இரண்டு. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஜோடி, தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தவை. பெண் பெரியது, ஆண் சிறியது. பூசைக்கு முந்தின வாரம் அவை ஒரு பாறையின் சரிவில் முட்டையிட்டிருந்தன. ஆரஞ்சு நிறத்தில், உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஒரு திட்டு. ஆண் மீன் அதற்கு முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். அந்த அறையில் நான் கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

பஸ்ஸில் போகும்போது எனக்கு ஒரே கணக்குத்தான். பாறை செத்துவிட்டது. பாறை செத்த தொட்டியில் அம்மோனியா ஏறும். அது ஏறி முடிவதற்குள் அந்த இரண்டு மீனையும் காப்பாற்ற முடியுமா?

ஆலை வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். பஞ்சு அடிக்கும் எந்திரம், துணி சுற்றும் எந்திரம், எடை மேடை, ஃபோர்க்லிஃப்ட், வாசல் கேட்டின் பூட்டு வரைக்கும் சந்தனமும் குங்குமமும் இருந்தது. தரை ஈரமாக மின்னியது. இத்தனை சுத்தத்தை ஆலை வருடத்தில் ஒருநாள்தான் பார்க்கும். மச்சான் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இரண்டு வியாபாரிகளோடு உள்ளே இருந்தார். என்னை எதிர்கொண்டது ஆலையின் ஃபிட்டர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எதைக் கேட்டாலும் "ஏம் காது" என்பார். ஒன்றும் ஆகாது என்று அர்த்தம்.

"வாங்க சார்! பாத்தீகளா? நம்ம தொட்டிதானான்னு எனக்கே சந்தேகமாயிருச்சு."

"யாரு கழுவச் சொன்னது?"

"மொதலாளிதான். வெளியூர்லருந்து ஆள் வாராக, ஆபீஸ் ரூம்ல இப்படி நாறக்கூடாதுன்னாரு. எம்புட்டுப் பாசி சார்! மூணு பேரு கம்பி பிரஷ்ஷப் போட்டுத் தேச்சோம். அப்பவும் போவேனாங்குது. பொறவு நம்ம ப்ளீச்சிங் தண்ணியில முக்கி எடுத்தோம். பஞ்சு மாதிரி வந்துருச்சு."

"அதுல ஒட்டிக்கிட்டு இருந்ததெல்லாம்?"

"காளானா? சுரண்டிக் கொட்டியாச்சு. அந்தப் பூவு மட்டும் பாக்க லெச்சணமா இருந்துச்சு. அத ஒண்ணும் பண்ணல."

"ஆரஞ்சு நிறத்துல ஒரு இடத்துல..."

"அந்தத் துரு தான? அதுதான் சார் லேசுல போகல."

அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. முந்தின நாள் பூராவும் செய்த வேலையைக் காட்டுகிற ஆளின் சந்தோஷம் மட்டும் இருந்தது. அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

தொட்டி பளபளத்தது. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைப் பாறைகள், அளவு பார்த்து, பெரியது கீழே சிறியது மேலே என்று கொலுப்படி மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. தொட்டிக்குக் கீழே இருக்கும் பெட்டியின் கதவில் நான் 'தொடாதீர்கள்' என்று ஒட்டியிருந்த அட்டை அப்படியே இருந்தது. அதன் நான்கு மூலையிலும் சந்தனப் பொட்டு. பூக்கல் மட்டும் மூலையில் கிடந்தது, பூக்கள் எல்லாம் மூடியிருந்தன. பெண் மீன் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆண் மீன் ஒரு வெள்ளைப் பாறையின் சரிவுக்கு முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. அதே பாறைகூட இல்லை. அதே இடம், அவ்வளவுதான்.

மோட்டார் சத்தம் கேட்கவில்லை.

"ஏன் நிப்பாட்டியிருக்கு?" என்றேன்.

மச்சான் நாற்காலியிலிருந்து எழாமலே சிரித்தார். "வாங்க மாப்ள, மொதல்ல உக்காருங்க. இன்னைக்கு எல்லா மிஷினுக்கும் ஓய்வுல்ல? நாளைக்குக் காலையில தேங்கா உடச்சுத்தான் சுவிச்சுப் போடணும்."

இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. ஆயுத பூசையன்று முடிதிருத்துகிறவரின் கத்தரி படுத்திருக்கும், தச்சரின் உளி படுத்திருக்கும். நான் வேலை பார்த்த செய்தித்தாளிலும் அன்று அச்சு எந்திரம் நிற்கும், மறுநாள் பேப்பர் வராது. பேப்பர் ஒருநாள் வராததால் யாரும் மூச்சுத் திணறிச் செத்ததில்லை.

"இது மிஷின் இல்ல மச்சான். இதுதான் அதுக மூச்சு. இப்பவே போடணும்."

"மூணு வருசமா ராவும் பகலும் ஓடுது. ஒரு நா அதுக்கும் ஓய்வு குடுத்தா என்ன?"

நான் மேலே பார்த்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுத்தமாகத் துடைத்து, அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

"அதுக்கு ஓய்வு வேண்டாமா?"

வியாபாரிகளில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார். மச்சானின் முகம் மாறியது.

"வெயில்ல எப்படி மாப்ள... வந்தவுகள வேக்காட்டுல உக்கார வைக்கவா?"

"அதுகளுக்கு உள்ள மூச்சே முட்டுது."

"நல்ல நாளும் அதுவுமா, நாலு பேரு முன்னாடி, ரெண்டு மீனுக்காக..." என்று தொடங்கினார். அவர் முடிக்கக் காத்திராமல் நான் சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் கரகரவென்று அரைத்தது, திணறியது, நின்றது. பின் தடுப்பைத் திறந்து கையை விட்டேன். தண்ணீர் வடிகட்டுகிற ஸ்பாஞ்சைக் காணோம். அதற்குப் பதில் ஆலையின் பஞ்சைச் சுருள் சுருளாகத் திணித்திருந்தார்கள். அது தண்ணீரைக் குடித்து ஊதி, நூல் நூலாகப் பிரிந்து, மோட்டாரின் வாயை அடைத்திருந்தது.

"நம்ம பஞ்சுதான் சார்" என்றார் பின்னால் வந்து நின்ற ஃபிட்டர். "ஆஸ்பத்திரிக்குப் போறது. அந்த ஸ்பாஞ்சு ஒரே அழுக்கு."

"தண்ணி பாதி புதுசா இருக்கே. எங்க எடுத்தீங்க?"

"ஆலைத் தண்ணிதான். உப்பு போட்டோம் சார், அது தெரியாதா எங்களுக்கு? கடையில ரெண்டு பாக்கெட் கல்லுப்பு வாங்கியாரச் சொல்லி..."

கல்லுப்பில் உப்புதான் உண்டு. கடல் தண்ணீரில் இருக்கும் மற்றவை இல்லை. அதை அவரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பஞ்சைப் பிடுங்கிப் பிடுங்கி வெளியே போட்டேன். என் சட்டை நனைந்தது. வியாபாரிகள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் பெண் மீன் மேல்மட்டத்திலிருந்து கொஞ்சம் இறங்கியது. மச்சான் வியாபாரிகளைப் பார்த்து, "எங்க மாப்ள பத்திரிகைல இருந்தவரு. கொஞ்சம் சூடு" என்றார். பிறகு எனக்கு ஒரு தாம்பாளத்தில் பொரிகடலை வந்தது. அதை நான் தொடவில்லை.

குப்பைத் தொட்டியில் பஞ்சுக் கழிவுக்கு நடுவே, விரல் போல ஆடும் பவளத்தைக் கண்டுபிடித்தேன். தூசி அப்பி, உலர்ந்து, பழைய ரப்பர் மாதிரி சுருங்கியிருந்தது.

அன்றைக்கு ஊரில் எல்லாக் கடையும் மூடியிருந்தது. பாறையில் மறுபடி குடியேற்ற பாக்டீரியாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் மதுரைக் கடையில் போனை யாரும் எடுக்கவில்லை. என்னால் செய்யக்கூடியது ஒன்றுதான்: நல்ல தண்ணீரை ஊற்றி, ஏறுகிற அம்மோனியாவை நீர்க்கச் செய்வது. அதற்கான சுத்திகரிப்புக் கருவியும் கடல் உப்பு மூட்டையும் என் வீட்டில் இருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பி, இரவு முழுக்கச் சொட்டவிட்டுத் தண்ணீர் பிடித்து, உப்பைக் கரைத்து, மறுநாள் காலை இரண்டு கேன்களோடு பஸ் ஏறினேன்.

"என்னண்ணே கேன்ல? பதனியா?" என்றார் கண்டக்டர்.

"உப்புத் தண்ணி."

"ராஜபாளையத்துல இல்லாத உப்புத் தண்ணியா? எங்க போர்ல வாரதெல்லாம் என்னவாம்?"

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வன்னியம்பட்டி விலக்கில் ஏறிய கூட்டம் கேன்களின் மேல் சாய்ந்துகொண்டு வந்தது.

நான் அறைக்குள் நுழைந்தபோது மச்சான் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தேங்காய் உடைத்தாகிவிட்டது. எந்திரங்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அவர் முகத்தில், சண்டையைத் தீர்த்துவிட்ட ஆளின் நிம்மதி.

"வாங்க மாப்ள. பாருங்க. இப்ப சந்தோசம்தான?"

தொட்டிக்குள் நீலத்தில் ஒன்று, மஞ்சளில் இரண்டு, வரி வரியாக இரண்டு. புது மீன்கள். விடிவதற்கு முன்னாலேயே ஆளை மதுரைக்கு அனுப்பி, தெரிந்த கடைக்காரரை எழுப்பி வாங்கிவரச் செய்திருக்கிறார். என்னால் எழுப்ப முடியாத கடைக்காரரை அவரால் எழுப்ப முடிந்திருக்கிறது. என்ன வேண்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த ஆள் ஒரு பாக்டீரியா பாட்டிலையும் வாங்கி வந்திருப்பான்.

"யாரக் கேட்டு விட்டீங்க?"

"ஏன் மாப்ள, போனதுக்குப் பதிலா நெறையவே வாங்கிப் போட்டுருக்கேன். இன்னும் என்ன?"

"இப்ப ரெண்டு மீன் கழிக்கிறதையே தாங்காத தண்ணி. இதுல இன்னும் அஞ்சா?"

"கடல் எம்புட்டுப் பெருசு? அதுல எம்புட்டு மீனு இருக்கு?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் சோதனைக் குழாயை எடுத்து, தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்கினேன். மஞ்சளாக நின்றால் அம்மோனியா இல்லை. பச்சையாக ஆக ஆக ஆபத்து. குழாய் நெல்நாற்று நிறத்துக்கு வந்தது. அவரிடம் நீட்டினேன்.

"பச்சைன்னா நல்லதுதான?" என்றார்.

அடுத்த சில நாட்கள் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. கேன், பஸ், தண்ணீர் மாற்றுவது, சோதனை, திரும்புவது. மாற்றியதும் பச்சை வெளுக்கும், அடுத்த முறை போகும்போது மறுபடி அடர்ந்திருக்கும். நான் மதுரைக்கு எழுதி வரவழைத்த பாக்டீரியா பாட்டில் வந்தது. ஆனால் குடியிருக்க வந்த பாக்டீரியாவுக்கு வேலை அளவுக்கு மீறி இருந்தது. முதலில் நீல மீன் செத்தது. அதைப் பார்த்து ஆலையில் யாரும் எடுக்கவில்லை. பாறை இடுக்கில் கிடந்து அழுகி, தன் பங்குக்குத் தண்ணீரைக் கெடுத்தது. பிறகு வரி மீன்கள், பிறகு மஞ்சள். அவற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கடையிலிருந்து ஒரு பாலித்தீன் பைக்குள் வந்து, என் மனத்தாங்கலைச் சரிசெய்வதற்காகச் செத்தவை அவை.

பெண் மீனின் செவுள் சிவந்து வீங்கியிருந்தது. ஒரு மூலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது. போட்ட தீனி அதன் முகத்துக்கு முன்னால் இறங்கி அடியில் போய்ச் சேர்ந்தது. அன்று நான் இரண்டு நடையாகத் தண்ணீர் கொண்டுபோனேன். இரண்டாம் நடை போய்ச் சேர்ந்தபோது அது பின் தடுப்பின் சல்லடையில் ஒட்டிக் கிடந்தது. எடுத்துக் கையில் வைத்தபோது அதன் வெள்ளைப் பட்டை இன்னும் பளிச்சென்று இருந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தார். "போயிருச்சா? சரி விடுங்க மாப்ள. இன்னொண்ணு வாங்கிக்கிடலாம். இதுக்கு இணையா ஒண்ணு."

வாயைத் திறந்தால் பிறகு அந்தக் குடும்பத்தில் எனக்கு உட்கார இடம் இருக்காது என்று தெரிந்தது. வராந்தாவுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்து, "பெருசு போயிருச்சு. சின்னதையும் பூக்கல்லையும் வீட்டுக்குக் கொண்டாரேன்" என்றேன்.

"அண்ணன்கிட்ட போனக் குடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள்.

போட்டேன்.

"ஏண்ணே, உன் மிஷின எவனாச்சும் உன்னக் கேக்காம கழட்டி, கழுவி, பெயிண்ட் அடிச்சு, பளபளன்னு வச்சுட்டுப் போனான்னா நீ என்ன செய்வ?"

"ஏ, இது என்னட்டி பேச்சு? நான் நல்லதுக்குத்தான..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"மிஷினும் மீனும் ஒண்ணா?"

"அன்னைக்கு மட்டும் ஒண்ணுன்னுதான பொட்டு வச்ச? மிஷின்னுதான ஓய்வு குடுத்த? இப்ப மீனுங்கிற. எதுன்னு சொல்லு."

ஃபிட்டர் அறைக்குள் வந்தவர் அப்படியே திரும்பிப் போனார். மச்சான் என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக்கொடுத்தது போல. நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

"உன் வீட்டுக்காரருக்குத்தான் இடம் குடுத்தேன். அதுக்கு இதா?" என்றார் போனைப் பார்த்து.

"இடம் குடுத்த. இல்லங்கல. உயிரையும் சேத்து உன்கிட்ட குடுத்தாகன்னு நெனச்சுட்டியே, அதான்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

மீனைப் பிடிக்க வலை விட்டபோது அது ஓடவில்லை. மூடியுள்ள வாளியில் பழைய தண்ணீரும் நான் கொண்டுவந்த தண்ணீருமாகக் கலந்து, அதையும் பூக்கல்லையும் வைத்தேன். கல்லின் அடிப்புறத்தில், பிரஷ் போகாத இடத்தில், ஊதாப் பாசி இன்னும் இருந்தது. அழகாக இருக்கிறதே என்று ஃபிட்டர் விட்டுவைத்த ஒரே கல். அந்த ஒரு கல்லுக்குள் இருக்கும் பாக்டீரியா ஒரு சின்ன மீனைத் தாங்கினாலும் தாங்கும். தொட்டி கனமானது, இறக்க நான்கு பேர் வேண்டும். இப்போதைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஏம் காது சார், பொழைச்சுக்கும்" என்றார் ஃபிட்டர், வாளியை ஆட்டோவில் ஏற்றி வைத்தபடி.

"அந்த வார்த்தைய இனிமே என்கிட்ட சொல்லாதீங்க" என்றேன்.

வீட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மீனையும் கல்லையும் விட்டோம். ஒரு சின்ன மோட்டார், பேட்டரியில் ஓடும் ஒரு காற்றுக் குழாய், சூடு இறங்க மேலே ஒரு மேசை விசிறி. மின்சாரம் போகும்போதெல்லாம் மனைவி பேட்டரியை மாட்டுவாள். பேட்டரியும் தீர்ந்துவிட்டால் ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றுவாள். சீரியல் நின்றுபோன நேரத்தில் செய்ய ஒரு வேலை கிடைத்தது என்பாள். மீன் ஒரு மூலையில் நின்றது. தின்னவில்லை. பூக்கல் மூடியே இருந்தது. சோதனைக் குழாய் தினமும் பச்சைதான், ஆனால் வெளிறிய பச்சை. பாக்டீரியா பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஊற்றினேன். தண்ணீர் மாற்றினேன். வேறு செய்ய ஒன்றுமில்லை. கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்கலாம் என்றால், அதற்கும் இடம் இல்லை. உப்பைக் கரைக்கும்போது தேவைக்கு அதிகமாகக் கலக்கிக்கொண்டிருப்பேன்.

ஆலைத் தொட்டியில் தங்க மீன்கள் விட்டிருக்கிறார்கள் என்று குடும்பக் குழுவில் படம் வந்தது. உப்பில்லாத நல்ல தண்ணீர், பிளாஸ்டிக் செடி, வெள்ளைப் பாறை. உறவினர் நிறையப் பேர் கைதட்டும் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். நானும் மனைவியும் எதுவும் போடவில்லை.

ஒருநாள் காலை மீன் ஒரு துண்டுத் தீனியை எடுத்தது. துப்பியது. மறுபடி எடுத்தது. அந்த வாரமே கல்லின் ஓரத்தில் இரண்டு பூக்கள் பாதி விரிந்தன. பிளாஸ்டிக் தொட்டியின் சுவரில் பழுப்புப் படலம் பிடிக்கத் தொடங்கியது. ஊரில் வேறு எந்த வீட்டிலும் அதைப் பார்த்து யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

தீபாவளிக்கு மச்சான் வந்தார். எப்போதும்போலத் தங்கைக்குச் சேலை, எனக்கு வேட்டி, ஒரு பெட்டி இனிப்பு. உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். மழை பற்றிச் சொன்னார், பஞ்சு விலை பற்றிச் சொன்னார். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"கோவத்த விடுங்க மாப்ள" என்றார் கடைசியில். "நான் வேணும்னா செய்வேன்? ஒரு மீனுக்காக வருசம் பூராவும் பேசாம இருக்கப் போறீகளா?"

வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கோபம் குறையவில்லை. வேண்டுமென்று செய்கிறவனுக்குத் தான் எதை அழிக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும்.

அவர் எழுந்து பிளாஸ்டிக் தொட்டிக்குப் பக்கத்தில் போனார். குனிந்து பார்த்தார். மீன் அவரைப் பார்த்துக் கல்லுக்குப் பின்னால் போயிற்று. சுவரில் இருந்த பழுப்பை விரலால் தொடப் போனார்.

"அழுக்கா இருக்கே மாப்ள. இந்த நாறல்லயா அது பொழைக்கும்? நம்ம ஃபிட்டர நாளைக்கு அனுப்பி வைக்கவா? செத்த நேரத்துல பளிச்சுன்னு பண்ணிருவாரு."

கேலிக்குச் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். உண்மையான அக்கறையோடு சொன்னார்.

"கைய எடுண்ணே" என்றாள் என் மனைவி, அடுப்படி வாசலில் நின்றபடி. அவர் கை நின்றது. "காப்பி ஆறுது. குடிச்சுட்டுக் கிளம்பு. அண்ணி காத்திருப்பா."

அவர் குடித்தார். கிளம்பினார். வாசல்வரை நான் போனேன், அது மரியாதை. வாங்க என்றும் சொல்லவில்லை, வாரேன் என்றும் அவர் சொல்லவில்லை.

திரும்பி வந்து சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்தேன். சொட்டு விட்டேன், குலுக்கினேன், சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மஞ்சள். நம்பாமல் குழாயைக் கழுவி இன்னொரு முறை செய்தேன். மறுபடி மஞ்சள். பச்சையின் சாயல்கூட இல்லை. கல்லின் பாக்டீரியா, மீனின் கழிவு முழுவதையும் தின்னும் அளவுக்குப் பெருகிவிட்டது.

மனைவியிடம் காட்டினேன். வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அப்ப இது பொழைச்சுக்கிடுமா?"

"பொழைச்சுக்கிடும்."

குழாயை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிராதீக" என்றாள். "மறுபடி அங்கன கொண்டாந்து வைக்கச் சொல்லும்."